மேலே நிற்பவள்

ஷிஜாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். மற்ற பெண்களுக்கு வாய்க்கிற சக்களத்தி என்றால் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்கலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம், ஒன்றும் நடக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம். இவளுக்கு வாய்த்தவளுக்கு இடுப்புக்குக் கீழே வால். இருப்பிடம் தண்ணீர். அதுவும் கடல், ஆறு என்று கௌரவமான தண்ணீர்கூட இல்லை. திருவனந்தபுரத்தில் பட்டம், கவடியார் பக்கத்துப் பிளாட்டுகளுக்கு அடியில் கட்டி வைத்திருக்கும் தொட்டிகள்.

ஷிஜாவின் புருஷன் ஜெயனுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற வேலை. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவன். ஷிஜா தக்கலைக்காரி, பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையின் நிலத்தடித் தொட்டியைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த ஜெயன், கூட்டாளி சுஜித் வராமல் காலை வாரிவிட்டதால், மேலே நிற்க யாராவது ஒருத்தர் வேண்டுமே என்று கெஞ்சிக்கொண்டு நின்றான். கடையிலிருந்த ஆண்கள் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவினார்கள். ஷிஜா போய் நின்றாள்.

தொட்டி வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் மேலே. முதலில் மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள்; அணைந்துவிட்டால் உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கலாம். மேலே நிற்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் என்ன வேலையில் இருந்தாலும் குரல் கொடுத்தாக வேண்டும். குரல் வராவிட்டால் மேலே நிற்பவர் பாசத்தில் உள்ளே குதித்துவிடக் கூடாது. குதித்தால் இரண்டு பிணம். கயிற்றை இழுக்க வேண்டும், ஆளைக் கூட்ட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிரொலியில் ஒரு பெயர் நாலைந்தாக உடைந்துவிடும் என்பதால், கூப்பிடுவது வெறும் "ஓய்." பதில் வெறும் "ஓ." இதையெல்லாம் ஜெயன் அவளுக்கு அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

ஷிஜா தேவைக்கு அதிகமாகவே கூப்பிட்டாள். கூப்பிட்ட உடனே பதில் சொல்லுகிற ஆண்பிள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை. இருட்டுக்குள்ளிருந்து சலிப்பில்லாமல் ஒவ்வொரு தடவையும் அந்த "ஓ" வந்துகொண்டிருந்தது. அவன் மேலே ஏறி வந்தபோது முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த சித்திரையில் கல்யாணம். சுஜித் கல்ஃபுக்குப் போய்விடவே, அவள் துணிக்கடையை விட்டுவிட்டு மேலே நிற்கும் வேலைக்கு நிரந்தரமாக வந்துவிட்டாள். வலியசாலைக்குப் பின்னால் அவர்கள் வாடகைக்கு இருந்த சந்தில், கட்டியவனைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பவள் என்று கேலி செய்தார்கள். ஷிஜா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

பட்டத்தில் ஒரு பிளாட்டில்தான் அது தொடங்கியது. கணுக்கால் அளவு தண்ணீரை விட்டுவிட்டு மீதியை மோட்டார் வைத்து இறைத்தாயிற்று. ஜெயன் பிரஷ்ஷோடு உள்ளே இருந்தான். ஷிஜா கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பிரஷ் தேய்க்கிற சத்தமும் நின்றிருந்தது. கயிற்றை இழுக்கக் கை போன நேரத்தில்தான் "ஓ" வந்தது. அது அவளுக்குச் சொன்ன பதில் போலவே இல்லை. வேறு யாரோ பக்கத்தில் நின்று கேட்ட கேள்விக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

மேலே வந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"உள்ள ஒருத்தி பாடுகா. நீ விளிச்சது கேட்டுது. பாட்டு முடியட்டும்னு நின்னேன்."

அவள் அதைக் கேலி என்றே எடுத்துக்கொண்டாள். ஆள் சுந்தரியா என்று கேட்டாள். ஜெயன் யோசித்துப் பார்த்து, இருட்டாக இருந்ததால் முடியும் வாலும் மட்டும்தான் தெரிந்தன என்றான். சிரிக்காமல் சொன்னான்.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அயிலை மீனும் சாளை மீனும் இல்லாமல் சோறு இறங்காதவன் மீனைத் தட்டிலிருந்து ஒதுக்கினான். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடமாட்டேன் என்றான். உள்ளே பாடுகிறவளுக்குக் கண் எரிகிறதாம். தண்ணீர் வாடை அடிக்கிறது என்று பிளாட்டுக்காரர்கள் போனில் திட்டினார்கள். வீட்டில் அடுக்களை மூலையில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் உண்டு. அதன் மூடியைத் திறந்து விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பான். சில நேரம் தலையாட்டுவான். சில நேரம் ஷிஜா இருப்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவான். தூக்கம் போயிற்று. கன்னம் ஒட்டிப்போயிற்று. தலைக்குள் எந்நேரமும் தகரத்தில் மழை பெய்கிற சத்தம் கேட்கிறது, அவள் பாடும்போது மட்டும்தான் அது நிற்கிறது என்றான்.

இத்தனைக்கும் அவன் ஷிஜாவிடம் ஒரு கடிந்த சொல் சொன்னதில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடித்தால் அம்மா வீட்டுக்குப் போகலாம். அவன் அவளுக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட்டான், துணி காயப்போட்டான், நடுவில் டிரம்முக்குப் போய்விட்டு வந்தான்.

அவள் அவனைத் தொட்டியில் இறக்குவதை நிறுத்தினாள். வேலை இல்லாத ஒரு மத்தியானம் அவன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆழமா உள்ள எடத்துக்கு என்னை வரச் சொல்லுகா. அங்க வந்தா தலைக்குள்ள சத்தமே இருக்காதாம்."

"அப்பம் நான்?"

"நீ மேல நிப்பேல்லா."

அவன் அதை ஆறுதலாகச் சொன்னான். ஷிஜாவுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இவனைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். கிணறோ குளமோ சங்குமுகம் கடலோ, ஏதோ ஒரு நாள் இவன் போய் இறங்கிவிடுவான், தான் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்போம், பதில் வராது. அந்த ஒரே பயத்தோடு அவள் அதற்குப் பிறகு வந்த நாட்களையெல்லாம் ஓட்டினாள்.

ஜெயனின் அம்மா முத்தாரம்மாள் ஊரிலிருந்து வந்து நாலு நாள் தங்கினாள். தொட்டித் தண்ணீரில் கிடந்த எதுவோ பிள்ளையைப் பிடித்துக்கொண்டது என்று முடிவு கட்டி, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். ஷிஜாவும் கூடப் போய் உடைத்தாள். உடைத்த கையோடு அவனை மெடிக்கல் காலேஜ் ஓபிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாகக் கேட்டார். அவனும் பொறுமையாகவே பதில் சொன்னான். இது மனசுக்கு வருகிற நோய், யாருடைய குற்றமும் இல்லை, மருந்துக்குக் கேட்கும் என்று டாக்டரம்மா ஷிஜாவிடம் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜெயன் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பினான். நான் இதைத் தின்றால் அவள் செத்துப்போவாள் என்றான். கொலைப்பாவம் செய்யச் சொல்கிறாயா என்று கேட்டான். ஷிஜா மறுபடியும் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். வாசனையும் நிறமும் இல்லாத சொட்டு மருந்து உண்டு, ஆனால் ஒளித்துக் கொடுக்கக் கூடாது, பேசிப் பேசி அவனே கேட்டு வாங்கிக் குடிக்கும்படி செய்ய வேண்டும், நம்பிக்கை போனால் எல்லாம் போகும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஷிஜா தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில், வாங்கி வந்த சொட்டு மருந்தைப் பாலில்லாத கட்டன்காப்பியில் ஊற்றினாள். காப்பி எப்படியும் கசக்கும் என்பது அவள் கணக்கு. பேசிப் பேசிப் பக்குவப்படுத்துகிற வரைக்கும் தண்ணீர் காத்திருக்குமா என்ன? முதல் நாள் டம்ளரை நீட்டினாள். ஜெயன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தான். பிறகு டிரம் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மீதியையும் குடித்தான். அதன் பின் காலையும் சாயங்காலமும் காப்பி போடுவதை அவள் யாருக்கும் விடவில்லை.

மருந்து மெல்லத்தான் வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது. குறட்டை கேட்ட முதல் நாள் ஷிஜா சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் முகத்தில் சதை பிடித்தது. ஆனால் டிரம் பக்கத்தில் அவன் நிற்கிற நிலை மாறியது. முன்பெல்லாம் காதலியின் ஜன்னலடியில் நிற்பவன் போல நின்றவன், இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவன் போல நின்றான்.

"அவளுக்கு மேலுக்கு முடியல்ல ஷிஜா. தொண்டையே எழும்பல்ல."

ஷிஜா சரியாகிவிடும் என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். அவன் டிரம்முக்குள் கையை விட்டுத் தண்ணீரை மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இவள் இந்தப் பக்கம் திரும்பி நின்று டம்ளரில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு நோயாளி கிடக்கிறாள், நான் அவளுக்குத் தினமும் விஷம் வைக்கிறேன் என்று தோன்றியது. கோட்டித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இல்லாதவளுக்கு யாராவது விஷம் வைக்க முடியுமா? ஆனாலும் அடுக்களையில் தனியாக நிற்கும்போது டிரம்முக்கு முதுகைக் காட்ட அவளுக்குப் பயமாக இருந்தது. மூடியை இறுக்கி அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். ஒருநாள் உள்ளே யாரோ இருமின மாதிரி கேட்டு, மூடியில் காதை வைத்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் இருமியிருக்கலாம்.

ஆனி முடிந்து, மலையாளத்தார் கர்க்கடகம் என்கிற ஆடி பிறந்து மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜெயன் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூடியைத் தானே மூடினான். குழவியை அதன் மேல் வைக்காமல் ஓரமாக ஒதுக்கினான். வந்து தரையில் உட்கார்ந்தான்.

"போயிட்டா," என்றான்.

அழவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் ஷிஜாவிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டான். வாவு, ஆடி அமாவாசை வருகிறது, சங்குமுகத்தில் எல்லாரும் செத்தவர்களுக்குப் பிண்டம் உருட்டிப் பலி இடுவார்கள், டிரம்மில் இருந்தவளுக்கு வேறு யாரும் இல்லை, தான் இட வேண்டும் என்றான். கடல் என்று கேட்டதுமே ஷிஜாவுக்கு அவன் சொன்ன ஆழமான இடம் ஞாபகம் வந்தது. ஊரிலேயே ஆழமான தண்ணீருக்கு அவனைத் தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். மாட்டேன் என்றால் அவன் தனியாகப் போவான். தான் கொன்றவளுக்குப் பலிகூட இடவிடாமல் தடுப்பது எப்படி என்றும் ஒரு நினைப்பு ஓடியது. வாவுக்கு முந்தின நாள் இருவரும் ஒரிக்கல் விரதம் இருந்தார்கள். ஒரு நேரம் மட்டும் சோறு. காப்பி குடிக்கலாம் என்பதால் அதில் மட்டும் குறை வரவில்லை.

சங்குமுகத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. கரையை ஒட்டி மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது என்று லைஃப் கார்டுகள் விசில் ஊதினார்கள். கர்க்கடகத்துக் கடல் சேறு கலங்கிக் கறுத்து, வந்து விழுந்த ஒவ்வொரு அலையும் மணலைத் தின்றுகொண்டு போயிற்று. அந்தப் பக்கம் பூங்காவில் சிமெண்டில் செய்த பெரிய கடல்கன்னி வழக்கம்போல மல்லாந்து கிடந்தாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு முன்னால் நின்றுதான் இரண்டு பேரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஷிஜாவால் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை.

ஈரத் துணியோடு வரிசை வரிசையாக ஆட்கள் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சடங்கு நடத்துகிற கர்மி மைக்கில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எல்லாரும் ஒன்றாகச் செய்தார்கள். ஜெயனும் தர்ப்பை மோதிரம் போட்டுக்கொண்டு எள்ளும் சோறும் உருட்டினான். ஷிஜா அவன் பின்னால் குந்தியிருந்தாள். இறந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்லி மைக்கில் குரல் வந்தது. ஜெயன் உருண்டையைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டான். சுற்றிலும் எல்லாரும் அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

"பேரு தெரியாதே ஷிஜா," என்றான். "நான் கேக்கவே இல்ல."

அவன் உதடு கோணிக்கொண்டு போனது. செத்துப்போனவளை அழைக்க ஒரு பெயர்கூடத் தன்னிடம் இல்லை என்று அவன் அழ ஆரம்பித்தான். தோள்கள் குலுங்கின. இந்த ஆளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஷிஜா அவன் அழுது பார்த்ததில்லை. அவளால் தாங்க முடியவில்லை. அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அவ சும்மா சாகல்ல. நான்தான் கொன்னேன். காப்பியில மருந்து ஊத்தினது நானாக்கும். தெனமும் ஊத்தினேன்."

ஜெயன் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகை நின்றது. உருண்டையை இலையில் வைத்தான், பூவை வைத்தான், இலையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தான். கடலைப் பார்த்து நடந்தான். கேட்டானா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நம்பிக்கை போனால் எல்லாம் போகும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

கூட்டத்தோடு கூட்டமாக அவன் கயிறு வரைக்கும் போனான். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று இலையைப் பின்னால் விட்டான். முங்கினான், எழுந்தான். முங்கினான், எழுந்தான். பிறகு ஒரு பெரிய அலை வந்தது. ஆட்கள் கத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். அலை போனபோது ஜெயன் நின்ற இடத்தில் ஜெயன் இல்லை.

இங்கே கயிறு அவன் இடுப்பில் இல்லை. இழுக்க ஒன்றும் இல்லை. ஷிஜா தண்ணீருக்குள் ஓடினாள். ஓடினவள் முழங்கால் அளவில் நின்றுவிட்டாள். குதிக்கக் கூடாது, கூப்பிட வேண்டும் என்று இத்தனை வருஷம் பழகின கால் அது. பலி இட்டுவிட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து விளிக்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும்.

"ஓய்," என்று கூப்பிட்டாள்.

பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்த அம்மச்சி ஒருத்தி, விளிக்காதே மோளே என்று அவள் கையைப் பிடித்தாள். ஷிஜா கையை உதறிவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். கடலும் மைக்கும் விசிலும் மட்டும் கேட்டன. அவள் உள்ளுக்குள் ஏதோ ஒன்று மெழுகுவர்த்தி போல ஆடி அணையப் போனது. தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ஓ."

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் அவன் தலை தெரிந்தது. லைஃப் கார்டு ஒருத்தர் போய் இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டுவிட்டு மலையாளத்தில் நன்றாகத் திட்டினார். ஷிஜா அவன் சட்டையில்லாத முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் உப்புத் தண்ணீரைக் காறித் துப்பினான். மூச்சு சமப்பட்ட பிறகுதான் பேசினான்.

"காப்பி வேற மாதிரி கசக்குன்னு நான் நெனச்சப்பவே டிரம்முக்குள்ள இருந்து அவ சொன்னா, மருந்தாக்கும், குடின்னு. குடிச்சா நீ போயிருவியேன்னேன். போனா போறேன், மேல ஒருத்தி தொண்ட வலிக்க விளிச்சிட்டே நிக்கா, அவளுக்குப் பதில் சொல்ல ஆளு வேணும்லான்னா."

ஷிஜா அவன் முதுகிலிருந்து முகத்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தாள்.

"இனி ஒளிச்சு ஊத்தண்டாம், கேட்டியா. எங்கையில தா. நானே ஊத்திக்கிடுகேன்."

திரும்பும் வழியில் ஈஞ்சக்கல் பக்கம் ஒரு கடையில் காப்பி வாங்கினார்கள். அவள் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவன் மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தானே விட்டுக்கொண்டான். கசப்பு தெரியாமலிருக்கக் கொஞ்சம் கூடுதல் சீனி கேட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வந்து துணி மாற்றிக்கொண்டு அவன் படுத்தான். தூங்கிவிட்டான். ஷிஜா அடுக்களையில் உலையை வைத்தாள், அரிசி களைந்தாள். தண்ணீர் மொள்ள டிரம் மூடியைத் திறந்தவள், மொள்ளாமல் நின்றாள். தண்ணீர் ஆடாமல் கிடந்தது. அதில் அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. பெயர் சொல்லி நன்றி சொல்லலாம் என்றால் பெயர் இவளுக்கும் தெரியாது.

விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு, உள்ளறையில் தூங்குகிறவனுக்குக் கேட்காத குரலில், "ஓய்," என்றாள்.

பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் உலை கொதித்து மூடியைத் தள்ளுகிற வரைக்கும் காத்து நின்றாள். பிறகு சக்களத்திக்காக உட்கார்ந்து அழுதாள்.